கடைசிக் காம்பராவின் பின்புறம்

என் மனைவியின் சைக்கிள் முன்சக்கரம் தரைக்குள் இறங்கி நின்றது. புல் மூடிய தரை நான்கு விரல் அகலத்துக்குப் பிளந்திருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி எடுத்துவிட்டு, காற்றடிக்கும் பம்பைக் கழற்றி அந்தப் பிளவுக்குள் விட்டுப் பார்த்தாள். பம்ப் முழுவதும் உள்ளே போயிற்று. பிறகு அவளுடைய கையும் முழங்கை வரை போயிற்று. மண்டியிட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் வாங்கோ. இதுக்கு அடி தெரியேல்லை" என்றாள். அப்போது மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலை அத்தனை பசுமையாக, அத்தனை சாதுவாக நின்றது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து எட்டொன்பது வருடங்கள் கழிந்த ஒரு மார்கழி மாதம் அது. நான் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நில வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலையில் இருந்தேன். அவள் அதே ஊரில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம். கல்யாணமாகி மூன்றாவது வருடம். பள்ளி விடுமுறையில் பதுளையிலிருந்து தென்கடல்வரை சைக்கிளிலேயே போய்வர வேண்டும் என்ற யோசனை அவளுடையதுதான். யாழ்ப்பாணத்துச் சமதரையில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது சிலருக்காவது பழகியிருந்தது. ஊவா மலைகளில் அப்படியொரு காட்சியை யாரும் கண்டதில்லை. சேலையை உயர்த்திச் செருகி, என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போவாள். ஏற்றத்தில் என்னைவிட நீண்ட நேரம் மிதிப்பாள். பண்டாரவளையில் தேநீர்க்கடை நடத்திய முஸ்லிம் பெரியவர் எங்கள் இருவரையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்த மழைக்காலத்துல கீழ எறங்காதீங்க. ரெண்டு நாளு பொறுத்துப் போங்க" என்றார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அப்புத்தளையில் ஒரு முழுநாள் மழை எங்களை அடைத்துப் போட்டது. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன அறையில் ஈரச் சேலையும் ஈரக் காற்சட்டையும் காயக் காத்திருந்தோம். யன்னலுக்கு வெளியே மூடுபனியில் தெருவே இல்லை. யாரோ நடந்துபோகும் சத்தம் மட்டும் வரும். மறுநாள் பெரகலைச் சந்தியைத் தாண்டி கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினோம். அந்த இறக்கத்தில் நாங்கள் மிதிக்கவே இல்லை. பிரேக் கட்டைகள் சூடேறி நாற்றமெடுக்க, இடையிடையே நின்று சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம். தெருவின் மலையோரத்தில் புதிதாக விழுந்த சிவப்பு மண் இரண்டு மூன்று இடங்களில் குவிந்து கிடந்தது. ஓரிடத்தில் ஒரு தேயிலைச் செடி, வேரும் மண்ணுமாக, யாரோ தூக்கிவைத்ததுபோல் நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் மனைவியின் தாய்மாமன் மருந்து கொடுப்பவராக இருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு அவர் டாக்டர் ஐயா. அவருடைய வீட்டில் இரண்டு இரவு தங்கிக் களைப்பாறிவிட்டு வெல்லவாயவுக்கு இறங்குவது எங்கள் திட்டம். சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு தோட்டத்துக்கு வேலையில்லாத நாள். காலையில் மழை ஓய்ந்ததும் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னால் நடந்தேன்.

லயத்தின் வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில் இருந்த பெண்தான் முதலில் கிட்ட வந்தவள். கொழுந்து பறிப்பவள், இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. நடக்கமுடியாத மாமியாரும் கூட இருந்தாள். பிள்ளை இல்லை. எங்களுக்கும் இல்லை என்பதை அவள் எப்படியோ ஐந்து நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, "அம்மா, நான் ஒருக்கா ஏறிப் பாக்கவா?" என்றாள். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் என் மனைவி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, அவள் கூவிக்கொண்டே மிதித்தாள். இரண்டு தரம் விழுந்தாள். மூன்றாம் தரம் பத்துப் பன்னிரண்டு முழம் தனியாகப் போனாள். லயமே கூடி நின்று சிரித்தது. "கொழுந்துக் கூடையையும் மாட்டிக்கிட்டு இதுல போனா, கங்காணி என்னைப் புடிக்கவே ஏலாது" என்றாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன அவளுடைய விரல்கள் சைக்கிள் மணியை விட மனமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் கேட்கிறது.

தேநீர் குடிக்க வரச் சொல்லி, அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காம்பராவின் பின்புறமாக எங்களைக் கூட்டிப்போனாள். அப்போதுதான் சக்கரம் இறங்கியது.

பிளவு பின்சுவரிலிருந்து நாலடி தள்ளி ஓடி, வளைந்து மேலே தேயிலைக்குள் போய் மறைந்தது. மேலே நின்ற சவுக்கு மரங்களில் நாலைந்து லயத்தின் பக்கம் சாய்ந்திருந்தன. கடைசிக் காம்பராக்காரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "கதவுகூட ரெண்டு நாளா சாத்த மாட்டேங்குதும்மா. மழைக்கு ஊதிப்போச்சு போல" என்றாள். தண்ணீர் விழும் பீலியைக் காட்டி, நேற்றிலிருந்து சிவப்பாக வருவதாகவும் துணியில் வடிகட்டித்தான் தேநீர் போட்டதாகவும் சொன்னாள். என் மனைவி கதவைச் சாத்திப் பார்த்தாள். நிலை கோணலாகியிருந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு அத்தோடு போய்விட்டது.

அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். கூட்டத்தில் ஒரு வயதானவர் முன்னால் வந்து, "ஐயா கவருமெண்டு ஆளு. மலையெல்லாம் அளந்து படம் போடுறவங்க. நீங்க சொல்லுங்க, இங்கன இருக்கலாமா?" என்று கேட்டார்.

நான் மலை அளந்தவனல்ல. வேறு யாரோ அளந்து போட்ட கோடுகளின்மேல் மெல்லிய துணியை வைத்து மையால் இழுப்பவன். மண்ணைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை அங்கே சொல்லியிருக்கலாம். ஐம்பது அறுபது கண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆபத்து என்று சொன்னால் தோட்டத்தை நடத்தும் துரைவரை போகும், மாமாவுக்குச் சங்கடமாகும் என்றும் ஓர் எண்ணம் ஓடியது. அண்ணாந்து மலையைப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவனைப்போலக் காலால் மண்ணைத் தட்டினேன். "மேல்மண்தான் வெடித்திருக்கிறது. இரண்டு நாள் வெயில் எறித்தால் மூடிவிடும். பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். கூட்டம் இளகியது. கணக்கப்பிள்ளை, "அதானே" என்றார். கடைசிக் காம்பராக்காரி எனக்குத்தான் முதல் தேநீரைத் தந்தாள். அதில் மண்வாசம் இருந்தது. நான் முழுவதையும் குடித்தேன்.

மாமா வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "உங்களுக்கு மண்ணைப் பற்றித் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகு ஏன் சொன்னனீங்கள்?"

மாமா இடையில் வந்து, "பிள்ளை, அந்த லயம் எத்தினை மழை கண்டிட்டுது. அது துரையின்ரை அலுவல். நாங்கள் தலையிடக் கூடாது" என்றார். பின்னேரம் மழை திரும்பத் தொடங்கியது. அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "நீங்களும் வாங்கோ. நீங்கள் வந்து சொன்னால்தான் கேப்பினம்" என்றாள். எனக்குக் கால் உளைவதாகச் சொன்னேன். நாளை காலையில் போகும்போது சொல்லிவிடலாம் என்றேன். அவள் தனியாகப் போனாள். பொழுது சாயும் நேரத்தில் நனைந்து திரும்பி வந்தாள். ஒவ்வொரு காம்பராவாகத் தட்டியிருக்கிறாள். "ஐயாவே சொல்லிட்டாரும்மா, நீங்க பயந்துக்காதீங்க" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடைசிக்கு முந்திய இரண்டு காம்பராக்காரர்கள் மட்டும் சட்டிபானையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒப்புக்கொண்டார்களாம். கடைசிக் காம்பராக்காரி மாமியாரைத் தூக்க ஆள் இல்லையென்றும், சனிக்கிழமைக் கொழுந்தை அரைக்க ஸ்டோருக்குப் போன புருஷன் வந்ததும் நாளைக்குப் பார்க்கலாமென்றும் சொல்லியிருக்கிறாள்.

காலையில் தூறல்தான். நாங்கள் புறப்பட்டபோது பெரட்டு முடிந்து ஆட்கள் மலையேறிவிட்டார்கள். பிள்ளைகள் கீழே பிள்ளைக் காம்பராவில் விடப்பட்டிருந்தார்கள். லயத்துக்குப் போகும் பாதை பிரியும் இடத்தில் அவள் சைக்கிளை மெதுவாக்கி என்னைப் பார்த்தாள். நான் நேராகப் போனேன். இறக்கத்தில் இரண்டு மைல் போயிருப்போம். ஒரு மதகின்மேல் சிவப்புத் தண்ணீர் பொங்கித் தெருவை மூடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். திரும்பி வருவாள் என்று நினைத்து மதகடியில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இடி என்றுதான் நினைத்தேன். இடியானால் ஓய்ந்துவிடும். இது ஓயாமல், கனத்த பாரமொன்றை யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல் தொடர்ந்தது. அது நின்றபோது ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

மலை கீழே வந்ததை அவள் எதிர்வளைவில் நின்று கண்ணால் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய சைக்கிள் தெருவில் கிடந்தது. அவள் மண்ணில் நின்று கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் ஈரமான சிவப்புச் சரிவு மட்டும் இருந்தது. மலையிலிருந்த ஆட்கள் கத்திக்கொண்டே இறங்கினார்கள். ஸ்டோரிலிருந்து புருஷன்காரன் தேயிலைத் தூள் அப்பிய உடம்போடு ஓடிவந்தான். நானும் மண்வெட்டி பிடித்தேன். அன்றைக்கு மலைக்குப் போகாமல் நின்ற கடைசிக் காம்பராக்காரியையும் மாமியாரையும் பின்னேரம் உயிரில்லாமல் எடுத்தார்கள். அவள் மாமியாரைத் தன் முதுகில் தூக்கியிருந்திருக்கிறாள். மாமியாரின் கைகள் அவள் கழுத்தைச் சுற்றியிருந்தன.

அடுத்த நாள் விசாரணைக்கு வந்தவர் கடும் மழையால் நேர்ந்தது என்று எழுதினார். யாரும் என் பெயரை எடுக்கவில்லை. கணக்கப்பிள்ளை எடுக்கவில்லை, கேள்வி கேட்ட அந்தப் பெரியவரும் எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவதற்காக அவள் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். விசாரணைக்காரர் பேனாவை மூடியதும் அவள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கடலுக்குப் போகவில்லை. அப்புத்தளையில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றி வீடு திரும்பினோம். அதன் பிறகும் அவள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போனாள். என்னோடு எங்கும் போகவில்லை. சண்டை பிடிக்கவில்லை, குத்திக்காட்டவுமில்லை. இன்றைக்கு மழை வராது என்று நான் சொன்னால் மட்டும், எழுந்துபோய்க் குடையை எடுத்துக்கொள்வாள்.

நாலைந்து வருடங்கள் அப்படிப் போயின. ஒரு நாள் கந்தோரில் லீவு சொல்லிவிட்டுத் தனியாக பஸ்ஸில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. மாமா அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். புருஷன்காரனை ஸ்டோர் வாசலில் கண்டுபிடித்தேன். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. மறுபடி கல்யாணம் செய்து, இடுப்பில் ஒரு பெண்குழந்தையை வைத்திருந்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பயப்பட வேண்டாமென்று அன்றைக்குச் சொன்னவன் நான்தான், நான் வெறும் படம் போடுகிறவன், ஒன்றும் தெரியாமல் சொன்னேன் என்று வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்லி முடித்தேன். அவன் அடிக்கட்டும் என்றே காத்திருந்தேன்.

அவன் யோசித்துப் பார்த்தான். "எந்த ஐயாங்க? நெறையப் பேரு வந்தாங்க, நெறையப் பேரு சொன்னாங்க" என்றான். பிறகு, தூரத்திலிருந்து வந்தவனுக்குச் செய்யும் மரியாதையாக, தேநீர் குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் பின்னால் நடந்தேன். பாதை எனக்குத் தெரிந்த பாதைதான் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. சரிந்த மண்ணை வெட்டிச் சமன்படுத்தி, அதே மலையின் அடியில், அதே வரிசையில் மூன்று புதுக் காம்பராக்கள் கட்டியிருந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்திருந்தது. கடைசிக் காம்பரா அவனுடையது.

வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு அவன் மலையை அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஐயா படம் போடுறவங்கன்னு சொன்னீங்களே. இப்ப இந்த எடம் எப்படிங்க? இருக்கலாமா?"

"எனக்குத் தெரியாது. இருக்க வேண்டாம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். "சரிங்க. வேற எங்கீங்க போறது?" என்றான். பிறகு உள்ளே திரும்பி, ஐயாவுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னான்.