ஒரு முறம் தவிடு

திருவிழாவுக்குப் போனால் மற்றவர்கள் சாமியைப் பார்ப்பார்கள், கடைகளைப் பார்ப்பார்கள். என் அம்மா, ஊரார் பிள்ளை வளர்க்கிற அழகைப் பார்ப்பாள். எவள் பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிடாமல் இடுப்பில் வைத்திருக்கிறாள், எவன் ஏழு வயசுத் தடியனைத் தோளில் சுமந்துகொண்டு அலைகிறான், எந்த வீட்டுப் பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கித் தின்று குட்டிச்சுவராகப் போகிறது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அந்தத் தாய் தகப்பன்மாரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தீர்ப்பெல்லாம் என் காதோடுதான். எனக்கு அப்போது எட்டு வயசு. மற்றப் பிள்ளைகள் எல்லாம் தறுதலைகள் என்று அம்மா சொல்லச் சொல்ல, நான் ஒருத்திதான் ஒழுங்காக வளர்கிறேன் என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

என்னைப் பற்றி அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். நான் அடம் பிடித்தால், "ஒன்னைய நான் பெத்தேன்னா நெனச்ச? தவிட்டுக்கு வாங்குனேன்டி" என்பாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அப்படிச் சொல்லித்தான் வம்புக்கு இழுப்பார்கள். நாங்களும் அழுதுவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவோம்.

எங்கள் வீடு கோச்சடையில். தெப்பக்குளமோ மதுரைக்குக் கிழக்கே அந்தக் கோடியில் இருக்கிறது. அந்த வருஷம் தைத் தெப்பத்துக்கு விடியும் முன்பே வண்டி கட்டிக் கிளம்பினோம். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி இருக்கும். போய்ச் சேர்ந்ததும் அப்பா மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்குக் காவலாகத் தான் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். அம்மாவோடு உட்கார்ந்து ஊராரைப் பார்ப்பதைவிட மாடுகளோடு உட்கார்ந்திருப்பது அவருக்கு நிம்மதி.

நானும் அம்மாவும் குளத்துப் படியில் நல்ல இடமாகப் பிடித்து, புளியோதரை மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தெப்பம் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் அம்மா நாலு குடும்பத்தைத் தீர்த்துவிட்டாள். ஊட்டி ஊட்டியே பிள்ளையை வாய் திறக்காதவனாக ஆக்கிய ஒருத்தி, தண்ணீருக்கு இரண்டு படி மேலே பிள்ளையை விட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், இப்படி. "பாத்தியாடி கூத்தை" என்பாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

எங்களுக்கு இரண்டு படி கீழே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். கூட மூன்று வயசுப் பையன் ஒருவன். அவனுக்கு மட்டும் யாரோ உடுத்திக் கழித்த கிழிசல் துணி. மூக்கில் ஒரு வளையம். முகத்தில் அடுப்புக்கரியை இழுகிவிட்டிருந்தார்கள். அத்தனையையும் மீறிக்கொண்டு பையன் மூக்கும் முழியுமாக இருந்தான்.

"ஏ குப்பை, இங்கிட்டு உக்காரு" என்றாள் அவள்.

அவன் உட்கார்ந்து, "அத்தை, பசிக்குது" என்றான். அவள் பொட்டலத்தைப் பிரித்து, முதலில் தான் இரண்டு வாய் தின்றுவிட்டு, அந்த எச்சில் இலையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய அரைஞாண் கயிற்றை மட்டும் தன் ஆள்காட்டி விரலில் சுற்றி வைத்திருந்தாள். கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி கட்டியிருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளையல்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்து குனிந்து, "ஒம்புள்ளையா தாயி? ராசா கணக்கா இருக்கான்" என்றார்.

அவள் பதறிப்போய், "எம்புள்ளை இல்லண்ணே. குப்பை. தவிட்டுக்கு வாங்குனது" என்று சொல்லிப் படியோரம் மூன்று தடவை துப்பினாள். வளையல்காரர் மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நான் அம்மாவின் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். இப்படி ஒரு கேஸ் அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஆனால் அம்மா குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழங்கையால் இடித்து, "பாத்தியாம்மா, பாத்தியாம்மா" என்றேன்.

"தெப்பத்தப் பாரு" என்றாள்.

தெப்பம் இன்னும் கரையைவிட்டு அசையவே இல்லை. அம்மா சரியாகக் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். இனி இந்த விவகாரம் என் பொறுப்பு. அந்த வருஷம் ஊரெங்கும் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. கோணிப்பையோடு வருவார்களாம், பிடித்த பிள்ளைக்குக் கரி பூசிக் கந்தலை உடுத்திவிடுவார்களாம். நான் கேள்விப்பட்டதெல்லாம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. அம்மா செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள அந்தக் கோடிப் படிக்கு இறங்கியதும் எழுந்து ஓடினேன்.

மேலே மதிலோரம் சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டேபிள் ஒருவர் நின்றிருந்தார். மூச்சு வாங்க அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவுக அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லையாம். அவுகளே சொன்னாக. பிள்ளை அத்தைங்குது" என்றேன். அவர் மீசையை நீவிக்கொண்டே என் பின்னால் இறங்கி வந்தார். அவர் வந்ததும் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"ஏத்தா, இது யாரு பிள்ளை?"

அவள் எழுந்து நின்றாள். "எதுக்குங்கய்யா கேக்குறீக?"

"கேட்டதுக்குச் சொல்லு. ஒம்பிள்ளையா?"

அவள் கயிற்றை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மெதுவாக, "இல்லைங்கய்யா. தவிட்டுக்கு வாங்குனது" என்றாள். கூட்டத்தில் இருந்த பெண்கள் சிலர் உச்சுக் கொட்டினார்கள். அவர்களும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தச் சமாச்சாரமெல்லாம் எனக்கும் தெரியும்த்தா" என்றார் கான்ஸ்டேபிள். குரலில் கோபம் இல்லை. "பிள்ளை பிடிக்கிறவளும் இதையே சொல்லிட்டுப் போயிருவாளே. புகார் வந்திருச்சு. பெத்தவ நாந்தான்னு ஒரு வார்த்தை வாயால சொல்லு, நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

"எங்க வீட்டுக்காரரு மாட்டுக்கு வைக்கல் போடப் போயிருக்காருங்கய்யா. அவரு வரட்டும்."

"அவரு டேசனுக்கு வரட்டும். நீ இப்பச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. தை மாதக் காற்றிலும் அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கான்ஸ்டேபிள் குனிந்து பையனிடம், "ஒங்கம்மா யாருடா?" என்றார். அவன் மிரண்டுபோய், "அத்தை" என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவர் அவன் கையைப் பிடித்தார். அவள் அரைஞாண் கயிற்றை விடவில்லை. கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. பிடிபட்ட திருடிக்கு என்ன திமிர் என்று நான் முன்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா தண்ணீர்ச் செம்போடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கான்ஸ்டேபிளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். செம்பைப் படியில் வைத்தாள்.

"அந்தப் பிள்ளையை நாந்தாங்கய்யா பெத்தேன்" என்றாள்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"ஒரு மொறம் தவிட்டுக்கு இவளுக்குக் குடுத்துட்டேன். குடுத்தவ திருப்பிக் கேக்கல, வாங்குனவ வேணாங்கல. நடுவுல ஒங்களுக்கு என்னங்கய்யா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கான்ஸ்டேபிள் அம்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பையனுடைய கையை விட்டார். "பெத்தவளே வந்து சொன்னப்புறம் எனக்கென்ன வேலை. போங்கப்பா, போயித் தெப்பத்தப் பாருங்க" என்று கூட்டத்தை விரட்டிக்கொண்டே படியேறிப் போனார். அவருக்கும் விட்டால் போதும் என்றிருந்திருக்கும்.

அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா செம்பை நீட்டினாள். மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "அக்கா, ஒங்க பிள்ளையை நான் நல்லா வச்சுக்கிருவேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அம்மா பையனை ஏற இறங்கப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இதை யாரு கேட்டா? பாக்கச் சகிக்கல. நீயே வச்சுக்க" என்றாள். இதைக் கேட்டு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். என்ன ஜென்மம் இது, திட்டினால் சிரிக்கிறதே என்று நினைத்தேன்.

பிறகு தெப்பம் கிளம்பியது. வடம் பிடித்தார்கள், மேளம் கொட்டினார்கள், ஊரே கும்பிட்டது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனை அம்மா தவிட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்தது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

வீடு திரும்பும்போது அம்மா வண்டியில் அப்பாவிடம், "இன்னைக்கு ஒருத்தியப் பாத்தேன். பிள்ளை வளக்கத் தெரிஞ்சவ" என்றாள்.

அப்பா மாட்டை நிறுத்தாத குறையாகத் திரும்பினார். "நீ ஒருத்தியை நல்லாச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. தான் கொடுத்த பொருளை வாங்கியவள் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்கிற திருப்தி, அவ்வளவுதானே.

அதற்குப் பிறகு நான் இருந்த ஒழுங்கு கொஞ்சநஞ்சமில்லை. சொல்லாமலே வாசல் பெருக்கினேன். பாகற்காயைக் கேட்டு வாங்கித் தின்றேன். வீட்டில்தான் பானை நிறையத் தவிடு இருக்கிறதே, பிறகு ஏன் தம்பியைக் கொடுத்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வருஷம் தவிடு தட்டுப்பாடாக இருந்திருக்க வேண்டும். இனிமேல் தட்டுப்பாடு வரக்கூடாது என்று, மாட்டுக்கு வைக்கிற தவிட்டில் தினமும் கைப்பிடி மிச்சம் பிடித்துப் பானையிலேயே போட்டு வைத்தேன். மாடு ஏன் இளைக்கிறது என்று அப்பா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் தெப்பத்துக்கு வண்டி கட்டும்போதுதான் தைரியம் வந்து, "தம்பி அங்க வருவானாம்மா?" என்று கேட்டேன்.

"எந்தத் தம்பி?" என்றாள் அம்மா. விஷயம் புரிந்ததும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே, "அது அவ பெத்த பிள்ளைடி" என்று என் காதில் சொன்னாள். "வெளிய சொல்லிராத."

"அவ பிள்ளைன்னா அவளே சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதை வேறொருத்தி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிடு அளந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதும், அது முதல் அது வாங்கின பிள்ளை, பெற்ற பிள்ளை அல்ல என்பதும் பல வருஷம் கழித்து, எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு முறம் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. குப்பை என்று கூப்பிடுவதும், அம்மா என்று சொல்லவிடாமல் அத்தை என்று பழக்குவதும், மூக்கில் வளையம் போட்டுக் கந்தல் உடுத்திவிடுவதும், கொஞ்சாமல் இருப்பதும் அதற்காகத்தான். வாய் தவறி "என் பிள்ளை" என்றுவிட்டால், முன்னே பிறந்ததுகளைக் கொண்டுபோனது இதையும் தேடி வந்துவிடும் என்று பயம். அவளுக்கு எத்தனை போயிருந்ததோ. மற்றவர்கள் நாளுக்கு நூறு தடவை சொல்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான், அத்தனை பேர் நடுவில் அவளைச் சொல்லச் சொல்லி நான் நிறுத்தி வைத்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கான்ஸ்டேபிளை அழைத்து வந்தது யார் என்று அம்மா என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தெப்பக்குளத்தைவிட்டுக் கிளம்பியதிலிருந்து கோச்சடை வந்து இறங்கும் வரைக்கும், என் பாவாடை நாடாவின் நுனியைத் தன் விரலில் சுற்றி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. விரலை மட்டும் நாடாவைவிட்டு எடுக்கவில்லை. செய்த தப்புக்குத் தண்டனையாக என்னைக் கட்டிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் வழியெல்லாம் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன்.