வாரம் ஐந்து கிலோ ராகி

என் முதல் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இறந்தாரே தவிர, வீட்டை விட்டுப் போகவில்லை. இதைச் சொன்னால் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு பரிதாபப்படுகிறார்கள். பரிதாபப்பட இதில் ஒன்றுமே இல்லை. உயிரோடு இருந்தபோது வேலையும் செய்வார், குறையும் சொல்வார். இறந்த பிறகு வேலை செய்யவில்லை, குறை மட்டும் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோயம்புத்தூர் கணபதியில், வீட்டை ஒட்டி முன்பக்கம் எங்கள் மாவு மில் இருக்கிறது. ஒரு மிஷினில் மிளகாய், மல்லி. இன்னொன்றில் கோதுமை, ராகி, கம்பு. இரண்டையும் ஓட்டுகிற மோட்டாருக்கு அவரே தன் கையால் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினார். உயிரோடு இருந்த காலம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். அதனாலோ என்னவோ, இறந்த பிறகும் மோட்டார் ஓடினால்தான் பேசுவார். சுவிட்சை அணைத்தால் அவரும் நின்றுவிடுவார். இந்த வசதி எத்தனை மனைவிகளுக்குக் கிடைக்கும்?

“ஏனம்மணி, பெல்ட் லூசா இருக்குது பாரு.”

“தெரியுமுங்க. எனக்குக் கண்ணு இருக்குதுங்க.”

“கண்ணு இருக்குது, காதுதான் இல்ல. சத்தத்தக் கேளு.”

“ஏனுங்க, செத்துப்போன மனுசன் செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?”

மிளகாய் அரைக்க வருகிற பெண்கள், நான் காதில் ஏதோ புதிய போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. எங்கள் ஊரில் எவ்வளவு திட்டினாலும் மரியாதை குறையாது என்பதால், போனில் யாரோ பெரிய மனிதரோடு பேசுவதாகவே எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேச்சுத் துணை வேறு, ஆள் துணை வேறு. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு, மத்தியானம் மில்லைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மனிதர் வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில்தான் ராகிக்காரர் வந்தார்.

மேட்டுப்பாளையம் டிப்போவில் பஸ் டிரைவர். கோத்தகிரி மலைப்பாதையில் ஓட்டுகிறவர். ஐம்பத்து நான்கு வயது. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தங்கைகளுக்குச் செய்து முடிப்பதற்குள் காலம் ஓடிவிட்டதாம். இங்கே ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் ராகி கொண்டுவருவார். கழுவி, காயவைத்து, கல் பொறுக்கி, அப்படியொரு சுத்தமாக இருக்கும். அரைத்துக் கொடுத்தால் “ரொம்ப நன்றிங்க” என்பார். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மறுபடி வந்து நிற்பார்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் மோட்டார் பக்கமிருந்து குரல் வந்தது.

“அம்மணி, தனிக்கட்ட ஒருத்தன் வாரத்துக்கு அஞ்சு கிலோ ராகி திங்கறானா?”

“அவுருக்குக் களின்னா உசுருங்களாமா.”

“களிக்கு வர்ற ஆளு மாவப் பாப்பான். இவன் உன்னையல்ல பாக்கறான்.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சுவிட்சை அணைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். அதற்கும் மோட்டார் பக்கமிருந்து அவர் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

மகள் சம்மதித்தாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். வந்த உறவுக்காரர்களுக்கு ஒரே ஒரு கவலை. எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் காரியமாக முறை கேட்பார்கள். பங்காளியா, மாமன் மச்சானா? இரண்டில் ஒன்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டார்கள். என் இரண்டு கணவர்களும் ஒருவருக்கு ஒருவர் என்ன முறை என்று எவராலும் சொல்ல முடியவில்லை. கூடத்தில் மாலையோடு தொங்கிய போட்டோவைக் கழற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

“வேண்டாமுங்க, இருக்கட்டுங்க. அவுரு ஊடுங்க” என்றார் புது மாப்பிள்ளை.

எவ்வளவு பெரிய மனது என்று பூரித்துப்போனேன். அந்தச் சொல்லில்தான் வினை இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவுரு ஊடு என்று சொன்னவர் அப்படியே நடந்துகொண்டார். வந்தபோது கொண்டுவந்த ரெக்சின் பையை அவர் பிரிக்கவே இல்லை. சட்டையை அதிலிருந்து எடுப்பார், துவைத்து மடித்து அதிலேயே வைப்பார். வேலைக்குப் புறப்படும்போது போட்டோவின் முன்னால் நின்று “போயிட்டு வாரனுங்க” என்று உத்தரவு வாங்குவார். நாற்காலியில் முழுசாக உட்காரமாட்டார், நுனியில்தான். நான் என்ன சமைத்தாலும் “நல்லா இருக்குதுங்க.” எது கேட்டாலும் “உங்க இஷ்டமுங்க.” நானும் சளைத்தவளில்லை. அவருக்குப் பிடிக்குமே என்று வாரத்தில் நான்கு நாள் களி கிண்டி, கொள்ளுப் பருப்பும் கீரையும் மாற்றி மாற்றி வைத்து, “இன்னும் ஒரு உருண்டைங்க?” என்று உபசரித்தேன். விருந்தாளியும் விருந்து வைக்கிறவளுமாக ஒரு வருடம் ஓட்டினோம்.

“அந்தாளுக்குக் களி புடிக்கறதில்ல அம்மணி” என்றார் மோட்டார் பக்கமிருந்து பழைய மில்லுக்காரர்.

“உங்களுக்கு வயித்தெரிச்சலுங்க” என்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்லில் கூட்டம் ஓய்ந்து நான் கடைசியாகக் கோதுமை ஓட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வாக்குவாதம். அரவைக் கல்லைக் கொத்தி எத்தனை நாளாயிற்று என்று அவர் கேட்க, உயிரோடு இருந்தபோது நீங்கள் கொத்திய லட்சணம் தெரியாதா என்று நான் கத்த, பிறகு இருபது வருடத்துக்கு முந்தைய பழைய சண்டை ஒன்று ஞாபகம் வந்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் இவர் நிற்கிறார். கையில் எனக்காகக் கொண்டுவந்த காப்பி டம்ளர்.

மோட்டாரை நிறுத்தினேன். இவர் டம்ளரை மாவுப் பெட்டிமேல் வைத்தார்.

“அவுருகிட்டத்தானுங்க பேசிட்டிருந்தீங்க?”

நான் பொய் சொல்கிற ஆளில்லை. “ஆமாங்க.”

“எனக்கு அதுல கோவமில்லீங்க. செத்தவருகிட்டப் பேசறதுல என்னங்க தப்பு? ஆனா அவுரத் திட்டறீங்க, சண்ட கட்டறீங்க, இந்த மாதிரி சிரிக்கறீங்க. எங்கிட்ட ஒரு நாளாச்சும் ஒரு வார்த்த கோவமாப் பேசியிருக்கீங்களா? லாட்ஜுக்கு வந்தவன்கிட்டத்தானுங்க இத்தன மரியாதையாப் பேசுவாங்க.”

நான் முந்தானையில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“காலைல மொத ட்ரிப்புக்கு இங்கிருந்து போறது கஷ்டமா இருக்குதுங்க. டிப்போ பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கறனுங்க. அங்கயே இருந்துக்கறனுங்க.”

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்க இஷ்டமுங்க” என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரிக்காத பையைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன்.

“என்னங்க பண்றது?”

பதில் இல்லை.

“சொல்லுங்க! எல்லாத்துக்கும் கொற சொல்லி நோணாவட்டம் பேசுவீங்களே!”

மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடத்தில் அவர் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் பாக்கு மூட்டைகளுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றேன். இவர் ஓட்டுகிற கோத்தகிரி வண்டி வந்ததும் முதல் ஆளாக ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டைப் பிடித்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கியர் ஒரு தடவை சரியாக விழவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். “கோத்தகிரி ஒண்ணு. உங்க டிரைவரோட சம்சாரம்” என்றேன்.

கண்டக்டர் முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, ராகி மில்லு அக்கா நீங்கதானுங்களா? கல்யாணத்துக்கு முன்னால ஏழெட்டு மாசம் டிப்போவுல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாத்துக்கும் இவரு மாவு குடுத்தாருங்க. எங்க ஊட்டுல இன்னும் ஒரு டப்பா கெடக்குதுங்க. எனக்குக் களி ஆவாது, நீ கொண்டுட்டுப் போன்னு குடுத்துப்போடுவாருங்க.”

ஆவாதா? ஒரு வருடமாக வாரத்தில் நான்கு நாள் நான் கிண்டிப்போட்டது?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டிரைவருடன் பேசக்கூடாது என்று எழுதியிருந்தது. அது நல்லதாகப் போயிற்று. அவர் பதில் பேச முடியாது, நான் பேசலாம். வளைவு வந்தால் வாயை மூடிக்கொண்டேன். நேர் ரோடு வந்தால் திறந்தேன்.

“ஏனுங்க, புடிக்காதத ஒரு வருசமா முழுங்கினீங்களே, உங்களுக்கு அறிவில்லீங்களா? புடிக்கலேன்னா தட்டத் தள்ளிவிட வேண்டீதுதானுங்க. வாயில என்ன, களியா இருந்துச்சு? ஆமா, களிதான் இருந்துச்சு!”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கவலைப்படவில்லை.

“அவுரு ஊடுன்னு சொன்னீங்களே, வரி ரசீது பாத்தீங்களா? ஊடு எம் பேருல இருக்குதுங்க. அதுல யாரு இருக்கோணும்னு நாந்தானுங்க சொல்லோணும்.”

வளைவு. வாயை மூடினேன். எஞ்சின் உறுமல் காதை அடைத்தது. இவ்வளவு சத்தத்தில் மில்லுக்காரர் வந்து ஏதாவது சொல்லிக்கொடுப்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். வரவில்லை. இனிச் சொல்லவேண்டியதை நானேதான் சொல்லியாக வேண்டும் என்று புரிந்தது. 

அடுத்த கொண்டை ஊசியில் மேலிருந்து ஒரு கேரட் லாரி இறங்கி நேருக்கு நேர் வந்து நின்றது. இரண்டு வண்டிக்கும் இடமில்லை. இவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் தானாகவே பின்னால் எடுத்து, மலையை ஒட்டி ஒதுக்கி நிறுத்தினார்.

“அவரு எதுக்குங்க பின்னால போனாரு?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“ஏறற வண்டிக்குத்தானுங்கக்கா மொத வழி. ஏறும்போது நின்னுட்டா மறுபடி தூக்கறது கஷ்டம். எறங்கறவங்க ஒதுங்கித் தரோணும். மலையில அதுதானுங்க சட்டம்.”

கடக்கும்போது லாரிக்காரர் கையைத் தூக்கினார். இவரும் தூக்கினார். நேற்று மோட்டார் ஏன் மௌனமாக இருந்தது என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. அவரும் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தேன்.

“எனக்கு நீங்க வேணுமுங்க” என்றேன். “இத்தன பேரு இருக்கறப்பவே சொல்றன். சாயங்காலம் பையோட ஊட்டுக்கு வாங்க.”

அவர் காதுமடல் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கோத்தகிரியில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு டீயும் மொறுமொறு வர்க்கி ரொட்டியும் வாங்கிக்கொடுத்தார். “நல்லாத் திட்டறீங்க” என்றார். பரிசு வாங்கினவர் முகம்போல இருந்தது.

சாயங்காலம் பையோடு வந்தார். கூடத்தில் போட்டோவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு ஆணி உண்டு. பையைத் திறந்து காக்கிச் சட்டையை எடுத்தார். மாட்டும்போது போட்டோ இடித்தது. இரண்டு விரலால் அதைக் கொஞ்சம் நகர்த்தினார்.

“செத்த ஒதுங்கிக்குங்க, பங்காளி” என்றார்.

உறவுக்காரர்கள் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட முறையை ஆணியில் சட்டை மாட்டுகிற நேரத்தில் தீர்த்துவிட்டார்.

அடுத்த நாள் அவருக்கு விடுமுறை. காலையில் மில்லைத் திறந்து மோட்டாரைப் போட்டேன். காத்திருந்தேன். குரல் இல்லை. மல்லியைக் கொட்டிவிட்டு அழுதேன். மல்லித் தூள் கண்ணில் விழுந்தது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள், ஆனால் அழுதேன். அப்போது பின்னாலிருந்து ஒருவர் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

“ஏனுங்க, பெல்ட் லூசா இருக்குதுங்க!”

“உங்களுக்கு என்னங்க தெரியும்? பஸ்ஸ ஓட்டற மனுசன் பஸ்ஸ ஓட்டுங்க!”

“லூசாத்தானுங்க இருக்குது! கண்ணத் தொடச்சுட்டு வந்து பாருங்க!”

போய்ப் பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம் மூன்று மாதம் கழித்து என் புருஷன் என்னை எதிர்த்துப் பேசினார்.