செல்லாத ஐந்நூற்று நாற்பது

அந்த வார்டில் கணக்கு டீச்சர் என்றால் ஒருவர்தான். பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அரை மார்க்குக்குக்கூட மல்லுக்கு நிற்பார். குறைத்துப் போட்டாலும் விடமாட்டார், கூட்டிப் போட்டாலும் விடமாட்டார்.

அவர் நகராட்சித் தேர்தலில் நிற்கக் கிளம்பியதற்கு ஒரே காரணம், பள்ளிக் கழிப்பறை. குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்கு ஓடுவார்கள். பாதிப் பேர் அன்றைக்குத் திரும்ப மாட்டார்கள். சிலர் அடுத்த வருஷமே வரமாட்டார்கள். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான், "நானே உள்ள போய் உக்காந்து கேக்கறேன்" என்று புறப்பட்டார்.

நினைத்தவுடன் நின்றுவிட முடியுமா? அந்த நாட்டில் தேர்தல் உண்டு, ஓட்டுப் பெட்டி உண்டு, விரலில் மை உண்டு. அதற்கெல்லாம் முன்னால் குருமார் சபை என்று ஒன்றும் உண்டு. யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று அவர்கள்தான் சொல்வார்கள். அவர்களை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால் ஆண்டவன் என்பார்கள். ஆண்டவனிடம் போய் யார் விசாரிப்பது?

விசாரணை அறையில் ஒரு குரு, புனித நூலிலிருந்து பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். டீச்சர் பன்னிரண்டுக்கும் அதிகாரம், வரி எண்ணோடு பதில் சொன்னார்.

"பதிலெல்லாம் சரிதாம்மா. சொன்ன விதத்துல பணிவு இல்லையே."

"பணிவுக்கு எத்தனை மார்க்குங்க?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் கதை அதேதான். மறுவாரம் கடிதம் வந்தது: பக்தி போதாது. அட, எந்தத் தராசில் நிறுத்தார்களாம்? சலித்து முடித்தபோது மிஞ்சியவர்கள் மூன்றே பேர்: தலைமை குருவின் தங்கை மகன், அவனுடைய கூட்டாளி, கூட்டாளியின் மைத்துனன்.

தையல்காரரான கணவர் மெஷினை மிதித்துக்கொண்டே சீண்டினார். "மூணு பேர் நிக்கறாங்க, பிடிச்சவனுக்குப் போடலாம். அப்புறம் என்ன குறை டீச்சரம்மா? மக்களாட்சிதானே?"

"ஏங்க, ஒரே துணிச் சுருள்ல மூணு துண்டு வெட்டிப் போட்டுட்டு, பிடிச்சதை எடுத்துக்கோன்னு சொன்னா, உங்க கடைக்கு எவனாவது வருவானா?"

மெஷின் நின்றது. "வரமாட்டான்தான்" என்றார் அவர்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல, ஓட்டு எண்ணும் வேலையும் டீச்சர் தலையில்தான் விழுந்தது. அரசாங்க ஆசிரியர் ஆயிற்றே. எண்ணும் இடமும் அவருடைய எட்டாம் வகுப்பு அறைதான்.

முதல் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மூன்றாவது சீட்டைப் பிரித்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று பெயரையும் குறுக்கே அடித்துவிட்டு, கீழே "கணக்கு டீச்சர்" என்று எழுதியிருந்தது. ஐந்தாவதும் அப்படியே. ஏழாவதும். சிலது பேனாவில், சிலது பென்சிலில். ஒன்று மட்டும் துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்பீஸில். அது யார் வேலை என்று கேட்கவா வேண்டும்?

"பேர் எழுதினா செல்லாது. முத்திரை குத்துங்க" என்றார் தேர்தல் அதிகாரி.

குத்தினார். தன் பேர் மேலேயே "செல்லாது, செல்லாது" என்று ஐந்நூற்று நாற்பது தடவை குத்தினார். தங்கை மகனுக்கு இருநூற்று எழுபத்தொன்று. மற்ற இரண்டு பேருக்கும் தொண்ணூற்றாறு, ஐம்பத்தெட்டு. ஆக மொத்தம் விழுந்தது தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

அதிகாரி படிவத்தை நீட்டினார். அதில் செல்லாத ஓட்டுக்குக் கட்டமே இல்லை. "பதிவான ஓட்டு நானூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"மீதி ஐந்நூத்தி நாப்பது?"

"அது குப்பைம்மா."

"குப்பையா? வெயில்ல வரிசையில நின்னவங்க சார்!"

"உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

டீச்சருக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆனாலும் பேனாவை மூடிவிட்டார்.

"செல்லாதுன்னு குத்தச் சொன்னீங்க, சட்டம்னு குத்தினேன். அவங்க வரவே இல்லைன்னு எழுதச் சொல்றீங்களே, அதுக்கு என் கை வராது."

வேறொருவர் கையெழுத்துப் போட்டார். அதற்கா ஆள் கிடைக்காது? மறுநாள் ரேடியோ முழங்கியது: அறுபத்துநான்கு சதவீத மக்களின் ஆதரவோடு தலைமை குருவின் தங்கை மகன் வெற்றி!

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் சதவீதப் பாடம். டீச்சர் பலகையில் எழுதினார்: தொள்ளாயிரத்து அறுபத்தைந்து பேரில் இருநூற்று எழுபத்தொரு பேர் என்றால் எத்தனை சதவீதம்?

கடைசி பெஞ்சில் ஒருத்தி, மத்தியானம் வீட்டுக்கு ஓடுகிற கூட்டத்தில் முதல் ஆள், எழுந்தாள். "இருபத்தெட்டு டீச்சர்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா எங்க தெருவுல எல்லாரும் பேசிக்கறாங்க, இது நம்ம வார்டுக் கணக்குதானாம். ரேடியோவுல அறுபத்துநாலுன்னாங்களே. யாரு டீச்சர் தப்பாப் போட்டது?"

வாசலில் பியூன் வந்து நின்றார். கையில் பழுப்புக் கவர். "டீச்சர், ஆர்டர் வந்திருக்கு. இப்பவே வாங்கிக்கணுமாம்."

"இருங்க. பிள்ளை கேள்வி கேட்டிருக்கு."

திரும்பி, சாக்பீஸால் அந்தத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தின் அடியில் அழுத்தி ஒரு கோடு போட்டார்.

"மேல போட்ட இருநூத்தி எழுபத்தொண்ணு சரிதாம்மா. கீழ போட வேண்டிய எண்ணைத்தான் திருடிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கவரைக் கையில் வாங்கினார்.