ட்வாட்டில் என்றால் வெட்டிப் பேச்சு

எனக்கு வாய் ஓயாது. கல்யாணமாகி வந்த புதிதிலேயே அது அவருக்குத் தெரிந்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் வந்து சேருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். மார்க்கெட்டில் வஞ்சிரம் விற்ற விலை, பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒருத்தி போட்ட சண்டை, எதிர்வீட்டுக்காரர்கள் ஏன் திடீரென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள் என்பது வரைக்கும். கூடத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ட்வாட்டில்" என்பார்.

"இன்னா அது?"

"வெட்டிப் பேச்சு. வெள்ளைக்காரனே மறந்துபோன வார்த்தை. ஒனக்காக எடுத்து வச்சிகினு கீறேன்."

ஒன்றா இரண்டா! பிபிள் பாபிள், கிளாவர் என்று தினம் ஒன்று வரும். வெட்டியாகப் பேசுவதற்கு இத்தனை வார்த்தையா, வெள்ளைக்காரனுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்பேன். அவன் பெண்டாட்டியும் உன்னை மாதிரிதான் இருந்திருப்பாள் என்று சிரிப்பார். கோபம் வந்தால் வேறு ரகம். ரைவ், சண்டர். பிளப்பது, பிரித்துப்போடுவது என்று அர்த்தமாம். தட்டை நங்கென்று வைத்துவிட்டு "சண்டர்" என்றால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது. திறப்பேன், அது வேறு விஷயம்.

ரிட்டயரான மறு வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது. தமிழ் திரும்பவில்லை. சோறு, தண்ணி, என் பெயர், எதுவும் வாயில் வரவில்லை. மிஞ்சியது கொஞ்சம் இங்கிலீஷ், அதிலும் அந்தப் பழைய வார்த்தைகள்தான் தெளிவாக வந்தன. சிலருக்கு இப்படியும் ஆகும் என்றார் டாக்டர். ஆட்களை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்.

அவருடைய தம்பிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினார்.

"அண்ணி, அண்ணனுக்கு நீங்க யாருன்னே தெரில. நல்ல ஹோமா பாத்து வுட்டுடலாம். நீங்க ஏன் வூட்ல கெடந்து பேஜாராயிகினு கீறீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருன்னு தெரியாமதான் நான் பேசறப்பல்லாம் ட்வாட்டில்ங்கறாரா? ஒன் பேச்சுக்கு ஒரு தபா சொல்லியிருக்காரா?"

தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவ்வளவு திமிர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். சமையலறையில் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். கூடத்திலிருந்து அந்த வார்த்தை வரும். கூடவே பழைய சிரிப்பும் வரும். இது போதும், இந்த மனுஷன் என்னை விட்டு எங்கேயும் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் பாதிப் பேச்சில் பால் பொங்கியது. பேச்சை நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைத்தேன். கூடத்தில் அவர் சிரிப்பது கேட்டது. நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே! எட்டிப் பார்த்தேன். எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்த மாதிரி, "ட்வாட்டில்" என்றார்.

அது என் நாற்காலி. அவர் நோயில் படுத்ததிலிருந்து எனக்கு அதில் உட்கார நேரமே இருந்ததில்லை. போய் அதில் உட்கார்ந்தேன். "நான் இங்க கீறேன், என்னப் பாருங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. யாரோ முன்பின் தெரியாதவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போலப் பார்த்தார். "சண்டர்" என்றார். பிறகு கத்தினார். நல்ல கையால் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் எழுந்து நகர்ந்ததும் காலி நாற்காலியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அழ ஆரம்பித்தார். அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல். பக்கத்தில் நின்ற என்னைத் தாண்டி வாசல் பக்கமாகக் கூப்பிட்டார்.

ஐயோ, அதைக் கேட்கவா நான் அத்தனை மாதம் தவம் கிடந்தேன்!

சமையலறைக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அங்கே அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இங்கதான் கீறேன். இன்னிக்கு மார்க்கெட்ல இன்னா நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அழுகை நின்றுவிட்டது.

தம்பி இப்போதும் வருகிறார். அண்ணனுக்கு என்னைத் தெரியும், எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யில்லை. சமையலறையில் நின்று பேசுகிறேன், அவர் காலி நாற்காலியில் தனக்குத் தெரிகிற அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். சோறு ஊட்டப் பக்கத்தில் போகும்போது மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுடைய குரல் என் வாயிலிருந்து வருவதைப் பார்த்தால் பயந்துவிடுவார்.