ஆசிரியர் என்ற கட்டம்

மெட்டாடேட்டா என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. சொல்லின் மேல் தப்பில்லை. ஒரு புத்தகம் யார் எழுதியது, எப்போது வந்தது, எதைப் பற்றியது என்ற விவரங்கள்தான் அது. கம்ப்யூட்டரில் புத்தகம் தேடுகிறவருக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸில் ஆடிய ஆட்டம்தான் எனக்கு ஜீரணமாகவில்லை.

ஹைதராபாத்தில் எதற்கும் முன்னால் ‘டிஜிட்டல்’ என்று சேர்த்தால் திட்டம் பாஸாகிவிடும் காலம் அது. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற உப்பல் பகுதியில் ஒரு மையம் தொடங்கினார்கள். நான் அங்கே நூலகர். தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப் பிடிப்பதும் என் வேலைதான்.

அதே ஊரில், திருமுல்கேரியில் ஒரு பழைய காலனியில் ஓர் அம்மா இருந்தார். அவர் கணவர் ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து இறந்தவர். இரும்பைக் கடையும் லேத் மெஷின் வேலையை எளிய தமிழில் விளக்கி, சொந்தச் செலவில் ஒரே ஒரு புத்தகம் போட்டவர். மிச்சமிருந்த ஒரே பிரதியைக் கேட்டு நான்தான் போனேன்.

“தையலை அறுத்து, தாள் தாளா பிரிச்சுத்தாம்மா ஸ்கேன் பண்ணுவோம். புத்தகமா திரும்பக் கிடைக்காது” என்றேன்.

ஹைதராபாத் வாசத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லையே மறந்துபோய், எதற்கும் ‘நக்கோ’ சொல்கிறவர் அவர். அன்றைக்கு நக்கோ சொல்லவில்லை. “பரவால்ல தம்பி. அவரு பேரைப் போட்டுத் தேடினா வரணும். அமெரிக்காவுல இருக்கிற பொண்ணு பாக்கணும். அது போதும்” என்றார்.

எந்த முறைப்படி விவரம் பதிவது என்று முடிவு செய்யக் கமிட்டி கூடியது. பல நாடுகளில் புழங்கும், பதினைந்து கட்டங்களை நிரப்புகிற முறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை சரி. ஒரு பதிவு ஒரு பொருளைத்தான் விவரிக்க வேண்டும், அசலையும் நகலையும் கலக்கக்கூடாது என்பது அதன் விதி. எங்கள் இயக்குநர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவரும் தமிழர்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

“நாம ஏத்தறது புத்தகம் இல்லய்யா, ஃபைல். ஃபைலை உண்டாக்கினது யாரு? நாமதானே? அப்போ ஆசிரியர் கட்டத்துல மையத்தோட பேரு. பதிப்பாளரும் மையம். தேதி, ஸ்கேன் பண்ண தேதி. ஸ்டாண்டர்டே அப்படித்தான் சொல்லுது.”

“அப்படிப் பாத்தா போட்டோ ஸ்டுடியோக்காரன்தான் சார் பிள்ளைக்கு அப்பன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மூல நூலைக் குறிக்கவும் ஒரு கட்டம் இருக்கிறது, எழுதியவர் பெயரை அதிலாவது போடலாம் என்று கெஞ்சினேன். ஆபரேட்டருக்கு வேலை இழுக்கும் என்று அதையும் காலியாக விட்டார்கள். மென்பொருள் கம்பெனிக்காரர்கள் யாரும் மாற்ற முடியாதபடி அப்படியே பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திறப்பு விழா மேடையில் இயக்குநர் ஆசிரியர் கட்டத்தில் மையத்தின் பெயரைத் தட்டினார். திரை முழுக்கப் புத்தகங்கள் வரிசை வரிசையாக வந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். செத்துப்போனவர்கள் எழுதியதையெல்லாம் தானே எழுதியதுபோல் அந்த மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா பஸ் மாறி உப்பலுக்கே வந்துவிட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நக்கோ தம்பி. பொண்ணு அப்பா பேரை அடிச்சுப் பாத்துச்சாம். ஒண்ணும் வரலயாம்.”

தலைப்பை வைத்துத் தேடிக் காட்டினேன். புத்தகம் வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் எங்கள் மையம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“இவங்க எப்பப்பா லேத் ஓட்டினாங்க?” என்று கேட்டார்.

அறுத்த தாள்களையாவது கொடுங்கள் என்றார். அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டிருந்தன. இயக்குநர் அறைக்கு ஓடினேன். “ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும், போய்யா” என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கணவர் பெயர் அச்சாகியிருந்த முதல் பக்கத்தையாவது பார்க்கட்டும் என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சூடு ஆறாத தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே விழுகிற எங்கள் மையத்தின் முத்திரை, சரியாகக் கணவர் பெயரின் மேலேயே விழுந்திருந்தது.

அந்த அம்மா தாளை என் மேசை மேல் வைத்தார்.

“இது நக்கோ” என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.