குரைத்ததற்குப் பிஸ்கட்

கூரியர்காரரைப் பார்த்து எங்கள் நாய் குரைத்தபோதெல்லாம் "சமத்து" என்று பிஸ்கட் போட்டவன் நான்தான். குரோம்பேட்டையில் அப்போது திருட்டுப் பயம். பிறகு அது கண்ணில் பட்ட தெருநாய்களையெல்லாம் கடித்தது. ஒருநாள் எதிர்வீட்டு அக்காவின் கையையும் கடித்துவிட்டது. "இதுக்கு மேல முடியாது சார்" என்றார்கள் காலனியில். நானும் பெரிய யோக்கியன் மாதிரி நாயைத் திட்டிக்கொண்டே என் பைக்கில் கொண்டுபோய், திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்குக் காவலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்காரர் போன் செய்தார்.

"இன்னா நாய் சார் இது? எவன் வந்தாலும் குரைக்கவே மாட்டேங்குது. பைக் சத்தம் கேட்டா கேட்டுக்கு ஓடுது. வந்தவன் மூஞ்சியப் பாக்குது. திரும்பி வந்து படுத்துக்குது."

நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.