பின்பார்த்த இருக்கையின் சத்தம்

என் தங்கைக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "வண்டிக்குள்ள ஸ்பீக்கர் வைக்கிறா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் அது என் வாந்தியில் வந்து நிற்கும். நாலு வருஷம் அவள் அளந்தது அதைத்தான்.

எனக்குப் பிறந்ததிலிருந்தே வண்டி ஆகாது. பஸ்ஸில் ஏறினால் கையில் எலுமிச்சம்பழம், மடியில் பை. தெருவில் என் பெயரே எலுமிச்சைதான். வேலை தேடியபோதுகூட, படிப்புக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கவில்லை, நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அப்படித்தான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் ஆனேன். என் கல்யாணம் தட்டிப்போனதற்கும் ஒரு பஸ்தான் காரணம். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

தங்கை நேர்மாறு. புயலில் படகில் ஏற்றினாலும் தூங்குவாள். வேன்களுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒலி அமைப்பு முழுவதும் அவள் பொறுப்பு. அந்தப் பட்டறையின் தனிச்சரக்கு, எதிரெதிராக உட்காரும் வேன். நடுவில் சின்ன மேசை, இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே போகலாம். பாட்டு வைக்கும்போதுதான் வம்பு. எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் முன்னால் ஸ்பீக்கரை வைத்தால் போதும். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருத்தருக்கு வலது இன்னொருத்தருக்கு இடது. பாடுகிறவன் ஒருத்தருக்கு முகத்தைக் காட்டினால் எதிரில் இருப்பவருக்குப் பிடரியில் நின்று கத்துவான். இவரைச் சரி செய்தால் அவர் கெடுவார். தங்கை ஒவ்வொரு இருக்கையின் தலைசாய்ப்பிலும் குட்டி ஸ்பீக்கர்களைப் பதித்து, ஒரு வரிசையின் சத்தம் அடுத்த வரிசைக்குப் போகாமல் கட்டிப்போட்டாள். முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஓட்டுநருக்கு முதுகைக் காட்டி உட்காரும் இருக்கை தூக்கிப் போடுகிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொன்னது மட்டும்தான் பாக்கி.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. அவள் கணவருக்கு உள்காதில் நோய் வந்தது. மாப்பிள்ளை நில அளவையாளர். சங்கிலியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்த மனுஷன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் நரம்பு கெட்டுப்போய்த் தாறுமாறாகச் சேதி சொல்கிறது என்றார் டாக்டர். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று அறைகளுக்குள் நடப்பார். அவ்வளவுதான் அவருடைய உலகம். ஒருமுறை மாத்திரை போட்டு ஆம்புலன்ஸில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இறக்கியபோது விழுந்து தோளை முறித்துக்கொண்டார், ஒரு வாரத்துக்குக் கூரை சுற்றுவது நிற்கவில்லை.

அவர் அதையும் சிரித்துக்கொண்டே ஓட்டியிருப்பார். ஆனால் அவருடைய அண்ணன் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஊரில் பக்கவாதத்தில் விழுந்தார். மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். அவரையும் படுக்கையை விட்டு அசைக்க முடியாது. பேச்சு போய்விட்டது, அதனால் போனில் பேச வழியில்லை. வீடியோவில் பார்க்கலாமென்றால், ஆடுகிற திரையைப் பார்த்தாலே மாப்பிள்ளைக்குத் தலை சுற்றும். அண்ணன் மகள் போன் செய்து, "சித்தப்பா, அப்பா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காரு" என்பாள். மாப்பிள்ளை போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அண்ணனைப் பார்த்துட்டா போதும்" என்று என்னிடம் சொன்னார். அப்போது தங்கை அடுப்படியில் இருந்தாள். அவளுக்கும் அது கேட்டிருக்கிறது.

அதன் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சாலை எதிரே பாய்ந்து வந்தால்தான் மாப்பிள்ளைக்கு உடனே சுற்றும். விலகிப் போகிற சாலை கொஞ்சம் தேவலை. ஆக, அவளுடைய வேனில் முதுகைக் காட்டி உட்காரும் இருக்கைதான் அவருக்கு ஏற்றது. ஆனால் அங்கே உட்காருகிறவனுக்குத் திருப்பமும் பிரேக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். உடம்பு ஏமாந்துபோகும், வயிறு பழிவாங்கும். திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே அந்தப் பக்கக் காதருகில் ஒரு சத்தத்தை நகர்த்தினால்? பாட்டு இல்லை, மணி இல்லை. சக்கரம் தார் ரோட்டில் உரசுகிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். போகிற வழி முன்கூட்டியே கணினிக்குத் தெரியும். அது சொன்னால் உடம்பு தயாராகிவிடும். சத்தம் கேட்டது என்று ஆளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் அதையே காத்துக்கிடந்து இன்னும் கெடுவான் என்பாள். காதுக்குத் தெரியாமல் உடம்புக்கு மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்கு ஆள் வேண்டும். மாப்பிள்ளையை வைத்துப் பார்க்க முடியாது, ஒரு தவறு நடந்தால் ஒரு வாரம் படுக்கை. வாடிக்கையாளர்கள் வாந்தி எடுக்காத வண்டி என்றால் முதலாளி வேண்டாமென்றா சொல்வார்? வேனைக் கொடுத்தார், ஓட்டுவதற்குப் பட்டறை ஃபிட்டரையும் கொடுத்தார். வாந்தி எடுக்க என்னைவிட்டால் யார்?

"அண்ணா, உனக்கு இந்தத் திறமை எதுக்குக் குடுத்திருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றாள்.

"நல்லா வருது வாயில. வாந்தியும் சேர்ந்து வரும், பார்த்துக்க" என்றேன்.

அச்சகம் முடிந்ததும் சாயங்காலம் பட்டறைக்குப் போவேன். நான் முதுகு காட்டும் இருக்கையில், அவள் எனக்கு எதிரே மடியில் கணினியோடு. ஃபிட்டர் ஒரே வழியில் சுற்றுவான். பாலம், சந்தை முனை, ரவுண்டானா, திரும்பப் பட்டறை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் நான் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். முதல் வருஷம் பத்தைத் தவிர வேறு எண் எனக்குத் தெரியாது. சில நாள் வாயைத் திறக்கவே முடியாமல் விரலைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடியே குடுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த வேனில் அவள் வயரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கடித்துத் துப்பிவிடுவாள்.

மெல்ல மெல்ல என் எண் இறங்கியது. எட்டு, ஆறு. கொஞ்ச காலம் ஐந்திலேயே உட்கார்ந்துகொண்டது, அப்புறம் மூன்று, ஒன்று. பிறகு இந்த வருஷம் ஒரு நாள் ரவுண்டானாவைத் தாண்டிய பிறகும் எனக்கு ஒன்றுமில்லை. "பூஜ்யம்" என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொரு சுற்று. பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம். வாழ்க்கையில் முதல்முறையாக ஓடும் வண்டியில் பன் தின்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். முதலில் ஒரு சின்னச் சுற்று, தாங்கினால் மறுநாளே அண்ணன் வீடு. மாப்பிள்ளை முகச் சவரம் செய்துகொண்டார். பழைய சட்டை தோளில் தொங்கியது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். "மச்சான், நாளைக்கு அண்ணன் என்னைப் பார்த்துட்டு, ஏன்டா இளைச்சுட்டேன்னு கண்ணாலேயே திட்டுவாரு பாருங்க" என்றார்.

அவர் முதுகு காட்டும் இருக்கையில், நான் பக்கத்தில். தங்கை எதிரே. நேர்ச்சாலையில் ஒரு குறையுமில்லை. வெளியே ஓடுகிற கடைகளைப் பார்த்துக்கொண்டு, "இங்க ஒரு மரம் இருந்துச்சே, வெட்டிட்டானுங்களா?" என்று கேட்டார். தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாலத்துத் திருப்பத்தில் மேசையைப் பிடித்தார். "பரவால்ல" என்றார். சந்தை முனையில் இரண்டு கையாலும் பிடித்தார். நெற்றி நனைந்துவிட்டது.

"சத்தத்தைத் தேடாதீங்க, அது தானா உடம்புக்கு முன்னாடியே சொல்லும்" என்றாள் அவள்.

"பரவால்லம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் எதை மறைக்க முடியும்? அவருடைய கண்மணிகள் ஒரு பக்கமாகத் துடிக்க ஆரம்பித்ததை அவள் பார்த்துவிட்டாள். "நிறுத்துப்பா" என்று கத்தினாள். ஆனால் வண்டி அப்போது ரவுண்டானாவுக்குள் இருந்தது. மாப்பிள்ளை அவள் மடியில் வாந்தி எடுத்து, மேசைக்கும் இருக்கைக்கும் நடுவில் சரிந்தார். பிறகும் "பரவால்ல, பரவால்ல" என்றுதான் வாய் முனகியது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன், என்மேலேயே எனக்கு அவ்வளவு எரிச்சல். அந்த வண்டியில் திரும்ப முடியாது. மருந்துக்கடையில் ஒரு சக்கர நாற்காலி வாங்கிவந்து, குழிக்குக் குழி நின்று நின்று வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் தங்கை பட்டறைக்குப் போனது வேனைக் கழுவத்தான். வேறு யாரையும் விடவில்லை. இருக்கைக்கு அடியில் ஓடியதைத் துடைப்பதற்காக அதை முழுதாகக் கழற்றியிருக்கிறாள். எனக்குப் போன் வந்தது. நான் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து ஒரு வயரைக் கையில் பிடித்திருந்தாள். பின்பார்த்த இருக்கையின் ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயர். அது எதிலும் மாட்டப்படவில்லை.

ஃபிட்டர் பக்கத்தில் நின்றான். "சீட்டு குலுங்குதுன்னு முதலாளி சொன்னாருல்லக்கா, அடிச்சட்டம் மாத்தினப்ப கழட்டினேன். உங்க வயரை யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. நீங்களே மாட்டிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"அது எப்ப?"

அவன் சொன்னான். நான் பூஜ்யம் சொல்ல ஆரம்பித்ததற்கு முந்தின வாரம்.

கணினியில் சத்தத்தின் கோடு வழக்கம்போல் ஏறி இறங்கியது. அவள் உட்கார்ந்த பக்கத்து ஸ்பீக்கர்கள் வேலை செய்தன. என் பக்கம் செத்துக் கிடந்தது. கேட்கவே கூடாத சத்தம் இல்லாமல் போனதை யார் கண்டுபிடிப்பது? நாலு வருஷம் தினமும் சுற்றியதில் என் உடம்புக்கு வண்டி பழகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இருக்கையை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது துக்கமில்லை.

"அப்ப அவருக்குச் சத்தமே போகல அண்ணா. சத்தத்தோட அவரு இன்னும் உட்காரவே இல்ல. வேலை செய்யலாமில்ல?"

செய்யலாம். செய்யாமலும் போகலாம். என்னை வைத்து இனி எதையும் அறிய முடியாது, நான் எதற்கும் பூஜ்யம்தான். அறிய ஒரே வழி மாப்பிள்ளை. அவரோ இரண்டு தலையணைகளுக்கு நடுவில் தலையை அசைக்காமல் கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உட்கார வைக்கவே கூடாது என்றார். தங்கை வயரை மாட்டிவிட்டு, அவர் எழுந்திருக்கும் நாளுக்காகக் காத்திருந்தாள். வயர் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குள் அண்ணன் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது.

தங்கைதான் அவர் காதருகில் குனிந்து சொன்னாள். அழுதால் தலை ஆடும், தலை ஆடினால் எல்லாம் சுற்றும். அதனால் மாப்பிள்ளை ஆடாமல் அழுதார். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று. நான் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மனுஷனுக்கு அழக்கூட இடமில்லையே என்று மனசு வெடித்தது. அங்கே அண்ணனை எடுத்துப் போனபோது, இங்கே இவர் கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

அவர் எழுந்து உட்கார நாளாயிற்று. உட்கார்ந்ததும் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். வயரை, என் பூஜ்யத்தை, எதையும் விடவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருந்தால் அவளுக்கும் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப வயர் மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

"மாட்டியாச்சுங்க."

"அப்ப இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்துடறேன்."

அவள் போர்வையை எடுத்து மடித்தாள்.

"எனக்கு இனிமே எங்கேயும் போக வேண்டியதில்ல. உனக்காகத்தான். நாலு வருஷம் உழைச்சிருக்க. வேலை செய்யுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"வேணாங்க."

"பயப்படாத. மிஞ்சிப்போனா ஒரு வாரம் படுப்பேன். மச்சான், நீங்க சொல்லுங்க."

தங்கை அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வாந்தி எடுப்பீங்கன்னு நான் பயப்படல" என்றாள். "உங்களுக்கு ஒண்ணுமே ஆகலைன்னா? அன்னைக்கே வயரைப் பார்த்திருந்தா அண்ணனைப் பார்த்திருப்பீங்கன்னு ஆயிடுமே. அப்புறம் நான் எப்படிங்க உங்க முகத்துல முழிப்பேன்?"

மாப்பிள்ளை அதற்கு மேல் அவளிடம் கேட்கவில்லை.